யார் முதலில் பார்த்தது?

விடிந்தும் விடியாத நேரம். மாடி வராந்தாவின் மரக் கைப்பிடி இரவெல்லாம் உப்புக் காற்றில் ஊறிப் பிசுபிசுவென்றிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, ஐந்து மாத வயிற்றோடு, குமட்டல் அடங்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். கீழே தண்ணீர் தொடும் இடத்தில் கறுப்பாக ஏதோ கிடந்தது.

கட்டுமரம் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது என்றுதான் நினைத்தேன். காரைக்கால்காரிக்கு வேறென்ன தோன்றும்?

அதன் பக்கத்தில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. தொப்பலாக நனைந்த கறுப்பு நாய். ஒரு காது நிமிர்ந்து நிற்க, மற்றது மடிந்து தொங்கியது. நாய் என்றால் மோப்பம் பிடிக்கும், குரைக்கும், காலைத் தூக்கும். இது கடலைப் பார்த்து உட்கார்ந்ததோடு சரி. அலை வந்து காலை நனைத்தபோதும் நகரவில்லை.

உள்ளே போய் என் வீட்டுக்காரரை எழுப்பினேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இவர் இறங்கிப் போனார். நான் மறுபடி வராந்தாவுக்கு வந்து பார்த்தபோது நாய் இல்லை. நீளக் கடற்கரையில் இரண்டு பக்கமும் பார்த்தேன், எங்கேயும் இல்லை. தெருநாய்தானே என்று விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவும் தோன்றவில்லை.

அன்று மதியத்துக்குள் பாதி ஊர் எங்கள் வாசலில் வந்து நிற்கும் என்று தெரிந்திருந்தால், இவரை எழுப்பியிருக்கவே மாட்டேன்.

சல்லிசாகக் கிடைத்த அறை

இது நடந்தது வியட்நாமில், வூங் தா என்ற கடற்கரை ஊரில். சென்னைக்காரர்களுக்கு மாமல்லபுரம் எப்படியோ அப்படி சைகோன்காரர்களுக்கு இந்த ஊர். சனி, ஞாயிறு வந்தால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். இப்போது அதைச் சைகோன் மாநகரத்தோடே சேர்த்துவிட்டார்கள் என்று கேள்வி. அப்போது அது தனி ஊர். சண்டை ஓய்ந்து பல வருஷங்கள் ஆகி, வெளிநாட்டுக்காரர்கள் மறுபடி ஒவ்வொருவராக வரத் தொடங்கியிருந்த காலம்.

நாங்கள் சைகோனில் பென் தான் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். இவருக்கு முந்திரிக்கொட்டை வாங்கி அனுப்பும் கம்பெனியில் வேலை. ஊர் ஊராகச் சுற்றியதில் வியட்நாம் பேச்சு தண்ணீர்பட்ட பாடு. எனக்குக் காய்கறிக்காரியிடம் சண்டை போடும் அளவுக்குத்தான் வரும். முந்தின வருஷம் எனக்கு ஒன்று கலைந்துபோயிருந்தது. இது இரண்டாவது. சந்து முழுக்க அடிக்கும் மீன்சாற்று வாடையில் ஒரு வாய் சோறு உள்ளே நிற்கவில்லை. காற்று மாறினால் தேவலை என்றார் டாக்டர். எனக்கும் கடலைப் பார்க்காமல் மூச்சு முட்டியது.

"கடலப் பாத்தாப்புல ரூம்பு. பாதி வாடகைதான்" என்று வந்து நின்றார் இவர்.

இவர் எதையாவது சல்லிசாக வாங்கிவிட்டேன் என்று மார்தட்டினால் அதில் ஏதாவது வில்லங்கம் இருக்கும். பாதி வாடகையின் ரகசியம் அங்கே போனபிறகுதான் தெரிந்தது. அது அவர்களுடைய ஏழாவது மாதம். நம் ஆடி, ஆவணியை ஒட்டி வரும். செத்தவர்களுக்குக் கதவு திறந்துவிடும் மாதம். படைக்க ஆளில்லாத அநாதை ஆவிகள் தெருவில் பசியோடு சுற்றும். யாரும் கல்யாணம் செய்ய மாட்டார்கள், வீடு மாற மாட்டார்கள். முக்கியமாக, கடலில் இறங்க மாட்டார்கள். நாமும் ஆடியில் கல்யாணம் செய்வதில்லைதான். ஆனால் பதினெட்டாம் பெருக்குக்குத் தண்ணீரில் இறங்கிக் கும்பிடுகிறோமே!

ஆளில்லாத கடற்கரை ஊரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கடலைப் பார்த்துக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குடை, ஒரு சின்ன மேசை. எல்லாவற்றையும் தினம் காலையில் ஒரு பெண் துடைத்துவைப்பாள். யாரும் வர மாட்டார்கள். சாயங்காலம் வந்து மறுபடி துடைப்பாள். யாருக்காகத் துடைக்கிறாள் என்று இவரிடம் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

மத்தியானம் இன்னும் மோசம். சாப்பிட்டதும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். வெயில் கொளுத்தும், ஒரு குரல் கேட்காது. நடைபாதை ஓரத்தில் கஞ்சி, உப்பு, அரிசி, பொரி, ஊதுபத்தி என்று வீட்டுக்கு வீடு வைத்திருப்பார்கள். புகை மட்டும் அசையும். எனக்கு ராத்திரியில் பயமே இல்லை, பகல் பன்னிரண்டு மணிதான் பயம்.

இரண்டு என்கிற அக்கா

வீட்டுக்காரம்மாவின் பெயர் கடைசிவரை எனக்குத் தெரியாது. எல்லோரும் "ஹாய்" என்றார்கள். ஹாய் என்றால் இரண்டு. வீட்டில் மூத்தவர் அவர்தான். தென் வியட்நாமில் மூத்த பிள்ளையை ஒன்று என்று சொல்வதில்லை, இரண்டிலிருந்துதான் எண்ணுவார்கள். மூத்தது எது என்று தெரிந்தால் கெட்டவை தூக்கிக்கொண்டு போய்விடுமாம். பிள்ளைக்குக் கன்னத்தில் திருஷ்டிப்பொட்டு வைக்கிற ஊரிலிருந்து போனவளுக்கு இது உடனே பிடித்துப்போயிற்று.

அவர்கள் பாஷையில் அக்காவுக்கு "சீ". ஒரு நல்ல மனுஷியைப் பார்த்துச் சீ என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது. அதனால் ஹாய் அக்கா என்றே கூப்பிட்டேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஹாய் அக்காவின் புருஷன் சொந்தப் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். நாங்கள் போனபோது அவர் கடலில் இருந்தார். திரும்ப வேண்டிய நாள் வந்தும் வரவில்லை. அக்கா அதைப் பற்றிப் பேச மாட்டார். ஆனால் சோறு வடிக்கும்போது மட்டும் கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வார்.

அந்தக் கடல் அவரிடமிருந்து ஏற்கெனவே ஒரு ஆளை எடுத்திருந்தது. ஆட்சி மாறிய பிறகு லட்சக்கணக்கானவர்கள் நாட்டைவிட்டுப் படகேறிப் போனார்கள் அல்லவா, அதில் அவருடைய தம்பியும் ஒருவன். போய்ச் சேர்ந்தானா, முழுகினானா, ஒரு தகவலும் இல்லை. அந்த ஏழாவது மாதத்தில் மட்டும் ஒரு கிண்ணம் சோறு தனியாக வைப்பார். வாசலில் ஆவிகளுக்கு வைக்கும் இடத்தில் வைக்க மாட்டார், வீட்டுக்குள் சாப்பாட்டு மேசையிலும் வைக்க மாட்டார். நிலைப்படி மேல் வைப்பார். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாதவனுக்கு வேறு எங்கே வைப்பது?



வயிற்றோடு நான் நடைபாதைப் படையலைத் தாண்டப் போனால், ஓடி வந்து கையைப் பிடித்துச் சுற்றிக் கூட்டிப்போவார். அவர்கள் ஊரிலும் பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, பிணத்தின் கிட்டே போகக் கூடாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தாடி

இவர் தாடியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் புருஷன் முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது, கடலில் குளிக்கக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது. நம் பக்கம் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். முதல் தடவை இவர், அந்நிய ஊரில் யார் பார்க்கிறார்கள் என்று எல்லாவற்றையும் மீறினார். அது கலைந்ததும் என் மாமியார் போனில் அழுத அழுகையில், இந்தத் தடவை ஒரு மயிரைக்கூடத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டார். ஐந்து மாதத்தில் ஆள் சாமியார் மாதிரி ஆகிவிட்டார்.

எங்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஊர்க்காரர்கள் கண்ணில் எப்படிப் பட்டது என்று அப்போது யோசிக்கவில்லை. தாடியும் சடையுமாக ஒரு வெளிநாட்டுக்காரன். கடலுக்கென்று வந்துவிட்டுக் கடலில் கால் வைக்காதவன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்க்கிறவன். அந்த ஊரில் அப்படித் தாடி விட்டுக்கொண்டு ஒதுங்கி உட்கார்கிறவன் துக்கம் காக்கிறவன்.

வந்த மறுநாளே ஹாய் அக்கா கேட்டுவிட்டார். அவர் பேசியதை இவர் தமிழில் சொன்னபடியே எழுதுகிறேன்.

"உங்க வீட்டுல யாரு தவறிட்டாங்க?"

"யாரும் தவறலையே" என்று சிரித்தார் இவர்.

அக்கா சிரிக்கவில்லை.

"அப்ப யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கீங்க?"

இவர் இதை என்னிடம் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அன்று மத்தியானம் தூக்கம் வரவில்லை.

ஐயா கரை ஒதுங்கினார்

இனி அந்த விடியற்காலைக்கு வருகிறேன்.

கவிழ்ந்த கட்டுமரம் என்று நான் நினைத்தது ஒரு திமிங்கிலம். பெரியது இல்லை, ஒரு மாட்டுவண்டி நீளம் இருக்கும். இவர் அதன் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தபோது, வலை இழுக்க வந்த ஒரு ஆள் பார்த்திருக்கிறான். செத்த திமிங்கிலம், பக்கத்தில் தாடியோடு ஒரு மனுஷன். அவன் அப்படியே மண்டியிட்டு, முதலில் திமிங்கிலத்தையும் பிறகு இவரையும் கும்பிட்டானாம்.

அந்தக் கடற்கரைக்காரர்கள் திமிங்கிலத்தை மீன் என்று சொல்ல மாட்டார்கள். ஐயா என்பார்கள். புயலில் முழுகப்போகும் படகை முதுகில் தாங்கிக் கரை சேர்ப்பவர் அவர். அவர் செத்துக் கரை ஒதுங்கினால் ஊரே துக்கம் காக்கும். முதலில் பார்த்தவர் எவரோ அவர்தான் ஐயாவுக்கு மூத்த பிள்ளை. வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, பெற்ற அப்பனுக்குச் செய்வதுபோல எல்லாம் செய்ய வேண்டும். முன்னால் நின்று தூக்க வேண்டும். மூன்று வருஷம் கழித்து எலும்பைத் தோண்டிக் கழுவி ஐயாவின் கோயிலில் வைக்கும்போதும் வந்து நிற்க வேண்டும்.

மதியத்துக்குள் வாசலில் கூட்டம். ஊதுபத்திப் புகை மாடிவரை ஏறியது. கோயில் பெரியவர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர். மடியில் மடித்த வெள்ளைத் துணி. அவர் பேசியதையும் இவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார்.

"வேற யாராவது செய்யக் கூடாதா?" என்று இவர் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"ஐயா எங்க ஒதுங்கணும்னு அவருதான் முடிவு பண்ணுவாரு. இத்தனை நீளக் கரை இருக்கு. துக்கம் காக்குற ஆளு தயாரா உக்காந்திருந்த வீட்டு முன்னாடி வந்திருக்காரு. நாங்க என்னத்த மாத்துறது?"

"செய்யலைன்னா?"

பெரியவர் ஹாய் அக்காவைப் பார்த்தார். வெளியே கடல் காலையில் இருந்ததைவிட உயரமாகியிருந்தது. ஐயாவை ஒழுங்காக அனுப்பாவிட்டால் கடலில் இருக்கும் படகு எதுவும் திரும்பாது என்பது அவர்கள் நம்பிக்கை. அக்கா கழுவிக்கொண்டிருந்த கிண்ணத்தைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்தபடி நின்றார்.

என் வீட்டுக்காரருக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல வராது. அவர் கை அந்தத் துணியை நோக்கி நகர்வதைப் பார்த்தேன். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னங்க, புத்தி பெரண்டு போச்சா? புள்ளத்தாச்சி புருசன் பொணம் தூக்குறதா? ஒண்ணு போனது போதாதா?"

"நான் என்னடி பண்ணுறது? அந்தம்மா மூஞ்சியப் பாத்தியா?"

பார்த்தேன். அதுதான் தொல்லை. ஒரு பக்கம் அந்த மனுஷியின் புருஷன், இன்னொரு பக்கம் என் வயிற்றில் இருந்தது. எதை விட்டுக்கொடுப்பது?

பெரியவர் கேட்ட கேள்வி

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்ன, உண்மையே அதுதானே.

"முதல்ல பாத்தது இவரு இல்ல, நான். மேல வராந்தாவுலேர்ந்து பாத்துட்டு நான்தான் இவர எழுப்புனேன். சொல்லுங்க அவருகிட்ட."

இவர் சொன்னார். கூட்டத்தில் சலசலப்பு. என் கணக்கு இதுதான். முதலில் பார்த்தது நான் என்றால் இவர் தப்பித்தார். பிள்ளைத்தாய்ச்சி பிணத்தின் கிட்டே வரக் கூடாது என்பது அவர்கள் சட்டமே, அதனால் நானும் தப்பித்தேன். பிறகு அவர்களுக்குள் யாரையாவது பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். வெண்மை படர்ந்த கண்கள்.

"என்ன பாத்தீங்க?"

கறுப்பாகக் கிடந்ததை, கட்டுமரம் என்று நினைத்ததை எல்லாம் சொன்னேன்.

"வேற ஒண்ணும் இல்லையா?"

நாய் ஞாபகம் வந்தது. இருக்கிற வம்பு போதாதென்று அது வேறா என்று தோன்றியது.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

யாரோ கொடுத்த தேநீரை அவர் ஆற அமரக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்.

"வராந்தாவுல நின்னது ஒரு ஆளு இல்ல, ரெண்டு பேரு. அம்மா நடந்தா வயிறுதான் முன்னாடி வரும். முதல்ல பாத்தது உள்ள இருக்குற புள்ள. அதுதான் ஐயாவோட மூத்த புள்ள. பொறக்காத புள்ள தூக்க முடியாது, அதனால நாங்க தூக்குறோம். துணிய மடிச்சு வெச்சுக்குங்க. மூணு வருசம் கழிச்சு எலும்பு எடுக்குறப்ப கூட்டிட்டு வந்தாப் போதும்."

கூட்டம் அப்பாடா என்று மூச்சு விட்டது. எனக்கு அந்த மனிதரின் சாமர்த்தியத்தை நினைத்து வாயெல்லாம் பல். எந்தப் பக்கமும் நோகாமல் எப்படித் தீர்ப்பு சொல்லிவிட்டார்! இவரைத் தலையில் நாலு குட்டு குட்டி, பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

துணியைக் கையில் வாங்கிய பிறகுதான் சிரிப்பு நின்றது. பிறக்கும் முன்பே என் பிள்ளைக்குத் துக்கத் துணி! ஹாய் அக்கா ஓடி வந்து என் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு ஒன்றைக் கட்டினார்.

சாயங்காலம் திமிங்கிலத்தைச் சாராயத்தால் துடைத்து, சிவப்புத் துணியில் சுற்றித் தூக்கிப்போனார்கள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பறைச் சத்தம் மட்டும் கேட்டது. வயிற்றில் அன்றுதான் முதன்முதலாக அசைவு தெரிந்தது.

மறுநாள் மத்தியானம், ஊர் தூங்கும் நேரத்தில், ஹாய் அக்காவின் புருஷன் வாசலில் வந்து நின்றார். எஞ்சின் கெட்டுப்போய் எங்கேயோ ஒதுங்கியிருந்தார்களாம். சோறு இருக்கா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். அக்கா நிலைப்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார்.

மடித்து வைத்த துணி

சைகோன் திரும்பியதும் நேரே, நம்மவர்கள் அங்கே கட்டிவைத்த மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். அங்கே வியட்நாம் பெண்கள் கற்சுவரில் நெற்றியை முட்டி, கல்லுக்குள் யாரோ இருப்பதுபோல வேண்டுதலைக் கிசுகிசுப்பார்கள். அதுவரை அதைப் பார்த்துச் சிரித்தவள், அன்று நானும் முட்டிக்கொண்டு நின்றேன். எனக்குப் பிள்ளை வேண்டும், அதற்கு ஒன்றும் ஆகக் கூடாது. அவ்வளவுதான் கேட்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. காரைக்காலில், என் அம்மா வீட்டில், சுகப் பிரசவம். பெண். ஐயாவின் மூத்த பிள்ளை பாவாடை கட்டுகிற பிள்ளை என்று இவரைக் கிண்டல் செய்தேன். சுமதி என்று பெயர் வைத்தோம். சைகோனுக்குத் தூக்கி வந்தோம். சிரித்த முகம், வாய் ஓயாது, எல்லாப் பிள்ளைகளையும்போல. துணியைப் பீரோவின் அடித்தட்டில் போட்டு வைத்தேன். பெரியவரின் சாமர்த்தியத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். நாயைப் பற்றி மட்டும் சொன்னதில்லை, மறந்தே போயிருந்தது.

மூன்றாவது வருஷம் ஹாய் அக்கா பஸ் ஏறி வந்து வாசலில் நின்றார். எலும்பு எடுக்கப்போகிறார்கள்.

"போவ வேணாம்" என்றார் இவர்.

"வார்த்த குடுத்தாச்சு. அந்தம்மா புருசன் திரும்பி வந்தாருல்ல? போய் நின்னுட்டு வந்துருவோம்" என்றேன் நான். எனக்குத் தைரியம் வந்திருந்தது. பிள்ளைதான் கையில் இருக்கிறதே.

மறுபடி அதே ஏழாவது மாதம், அதே காலி நாற்காலிகள். கோயிலுக்குள் சாராய வாடையும் ஊதுபத்தியும். சிவப்புத் துணிமேல் பழுப்பெலும்புகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பெரியவர் இன்னும் ஒல்லியாகியிருந்தார். பார்வை முழுக்கப் போய்விட்டதாம். நாங்கள் கொண்டுபோயிருந்த துணியைச் சுமதி தலையில் ஒற்றி எடுத்து, ஊதுபத்தி நெருப்பில் வைத்தார். துக்கம் முடிந்தது என்று அர்த்தம்.

பிள்ளை அழவில்லை, பயப்படவில்லை. எலும்புகளை ஒருதரம் பார்த்தாள். பிறகு எதையோ தேடுகிறவள்போல அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்தாள். குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தாள்.

"என்னடி தேடுற?"

"நாய் எங்கம்மா?"

"இங்க ஏது நாயி?" என்று சிரித்தார் இவர்.

"இது பக்கத்துல உக்காந்திருந்துச்சே, அந்த நாய்" என்றாள். எங்களுக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, தன் இடது காதை விரலால் மடக்கிக் காட்டினாள்.

நான் குனிந்து அந்த விரலைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன்.

குழந்தைப் பேச்சுதானே என்று இவர் அதைப் பெரியவரிடம் வேடிக்கையாகச் சொல்லிவைத்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. பார்வையில்லாத கண்ணை நான் நின்ற பக்கம் சரியாகத் திருப்பி, அன்று கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். அதை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வேற ஒண்ணும் இல்லையா?

"இருந்துச்சு" என்றேன், தமிழிலேயே.